சங்கரன் இலையில் வெள்ளை வைன்

கிளப்பில் சாராயம் ஊற்றிக் கொடுப்பவனுக்கு என் பெண்ணா என்று பொன்னம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். ராஜரத்தினத்துக்கு அது நியாயமாகவே படவில்லை. ஊற்றிக் கொடுத்தவன்தான் அவன், குடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களும் மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த கையோடு ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் ஊற்றிக் கொடுக்கத்தான் யார் இருக்கிறார்கள்?

ஆனால் பொன்னம்மாவிடம் நியாயம் பேசி ஜெயித்தவர் மலாக்காவில் அந்தக் காஜா பெராங் தெருப்பக்கம் கிடையாது. மலாக்கா செட்டி வீட்டுப் பெண்மணி. சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், பேச்சு மட்டும் மலாய். அந்த மலாயிலேயே ஆளை உரித்து உப்புத் தடவிவிடுவாள். நாம் தமிழில் சொல்லிக்கொண்டால் சூடு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

மத்தியானத்தில் அவள் வீட்டு வாசலில் சோற்றுப் பொட்டலம் விற்பாள். சோறும் மீன் பிண்டாங்கும். மஞ்சள், புளி, அன்னாசி, ஒரு துண்டு பெலாச்சான் என்கிற இறால் விழுது போட்டுக் கொதிக்கவைத்த அந்தக் குழம்பின் வாசம் தெருமுனைவரை வந்து ஆளைக் கூப்பிடும். ராஜரத்தினம் ஒரு வருஷமாக மத்தியானத்துக்கு வேறு எதையும் தின்றதில்லை. பொட்டலம் கட்டிக் கொடுப்பது மகள் மீனாச்சி. அவளுக்கும் இவனைப் பிடித்துப்போயிற்று, அதில்தான் வந்தது வினை.

மீனாச்சி மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகு பொன்னம்மா கொஞ்சம் இறங்கி வந்தாள். போகியன்று பர்ச்சு, அப்போது செத்துப்போன உன் அப்பாவையே கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பர்ச்சு என்றால் முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பது. உயிரோடு இருந்தபோது அவரவர் ஆசையாகத் தின்றதும் குடித்ததும் இலையில் இருக்கவேண்டும். படைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால், ஊதுபத்தி அணையும்வரை யாரும் திறக்கக் கூடாது. அந்த நேரத்தில் அவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள். பிறகு கணவன் இலையில் முதல் வாய் எடுப்பது மனைவி. அவள் புருஷன் சங்கரனுக்கு மீன் பிண்டாங்கும் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரும். அந்த பீரை ராஜரத்தினம் கொண்டுவரட்டும், அதற்காவது அவன் உத்தியோகம் உதவட்டும் என்று சொல்லிவிட்டாள்.

சொன்னதை மட்டும் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கிளப் சரக்கறையில் ஒரு பெட்டி நிறைய பச்சை பாட்டில் கிடந்தது. போர்ச்சுக்கல் நாட்டு வெள்ளை வைன், பெயர் வின்யோ வெர்டே. உஜோங் பாசீரில் குடியிருக்கும் போர்ச்சுக்கீசிய வம்சத்துப் பரங்கிக்காரன் ஒருவன்தான் எழுத்தைக் கூட்டிப் படித்துச் சொன்னான், அவனும் அதைக் குடித்தவன் இல்லை. துரைமார் மாட்டிறைச்சியோடு ஒரு வாய் வைத்துப் பார்த்து, புளிக்கிறது, கொட்டிவிடு என்று தள்ளிவிட்டார்கள். கொட்ட மனசு வராமல் ராஜரத்தினம் ஒன்றை ஐஸில் போட்டுவைத்தான். மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்து நாலு வாய் தின்றுவிட்டு அதைக் குடித்தவன், அப்படியே உட்கார்ந்துவிட்டான். எலுமிச்சை பிழிந்தது போலப் புளிப்பு, நாக்கில் சின்னச் சின்னதாக ஒரு குறுகுறுப்பு. மீனின் கொழுப்பை அது கழுவிவிட்டது, அன்னாசியின் இனிப்பு மேலே வந்தது, பெலாச்சான் வாசம்கூடப் பதவிசாக உட்கார்ந்தது. சோதித்துப் பார்க்க மறுநாள் அதே சோற்றோடு கறுப்பு பீரைக் குடித்தான். கசப்பு வந்து மீனை மூடிவிட்டது.

போகியன்று மத்தியானம் ஈரத்துணி சுற்றிய பாட்டிலோடு வந்தான். இலைக்குப் பக்கத்தில் அவனே வைத்து, கிளாசிலும் ஊற்றிவிட்டு வெளியே வந்தான். பொன்னம்மா கதவைச் சாத்தினாள். பீர் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று கேட்டாள். அது பீர் இல்லை, அதைவிட நல்லது என்று இவன் பெருமையாகச் சொன்னான்.

மீனாச்சி தலையில் கைவைத்துக்கொண்டாள். பொன்னம்மாவின் தம்பி தெய்வநாயகம்தான் முதலில் வாயைத் திறந்தார். செத்தவருக்குப் பழக்கமில்லாததைப் படைக்கக் கூடாது, அது வீட்டுக்கு வந்த விருந்தாளியை அவமானப்படுத்துவது, அத்தான் வேறு கோபக்காரர் என்று அடுக்கினார். ராஜரத்தினம் கதவைப் பார்த்தான். கதவைத் திறந்து பாட்டிலை மாற்றவும் முடியாது. உள்ளே ஊதுபத்தி எரிகிறது, மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், ஆகப்போகிற மாமியார் இவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவனுக்கு அழுகையே வரும்போலிருந்தது.

ஊதுபத்தி அணைந்து வாசம் அடங்கியதும் பொன்னம்மா மட்டும் உள்ளே போனாள். வழக்கமாக ஸ்டவுட்டை உதட்டில் தொட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு உடனே வந்துவிடுவாளாம். இன்றைக்கு வரவில்லை. தெய்வநாயகம் இருமிப் பார்த்தார். அப்படியும் வரவில்லை.

கடைசியில் காலி கிளாசோடு வந்து வாசற்படியில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"இருபத்தாறு வருஷம் அந்தக் கறுப்புத் தண்ணிய முதல்ல ஊத்திக்கிட்டு அப்புறம்தான் என் சோத்துல கை வச்சாரு. பிண்டாங் எப்படி இருக்குன்னு ஒரு நாள் வாயத் திறந்து சொன்னதில்ல. என் கைப்பக்குவம்தான் மட்டம்னு நெனச்சிருந்தேன்," என்றாள். "இன்னைக்குத்தான் அந்த மனுஷனுக்கு ருசி தெரிஞ்சிருக்கும்."

இதில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று அவள் ராஜரத்தினத்தைக் கேட்டாள். எட்டு இருக்கிறது மக்சிக் என்று மலாயில் அத்தை முறை வைத்துச் சொன்னான்.

"எடுத்து வை. வருஷா வருஷம் நீதான் கொண்டாந்து வைக்கணும். என் வீட்டு இலைக்கு வேத்தாள் கையால வாங்கமாட்டேன்."

அப்படியானால் நான் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்க அவன் வாயெடுத்தான். மீனாச்சிக்கு அதற்குள் விளங்கிவிட்டது. அவள் அழுதுகொண்டே போய் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.