கூட்ஸு வண்டி ராசா

ரங்கூனில் லான்மடாவ் பக்கம் டீ குடித்த தமிழன் எவனுக்கும் அந்தப் பாட்டு தெரியும். உதுமான் காக்கா டீக்கடையில் சாயங்காலமானால் ஆரோக்கியநாதன் கிட்டாரோடு வந்து உட்காருவான். டீ ஆறும்வரை சுருதி சேர்ப்பான். பிறகு தொடங்குவான்:

"கூட்ஸு வண்டிக் கூரை மேல குந்திப் போற ராசா,
ஊரு எல்லாம் வீடு உனக்கு, போய்வா போய்வா லேசா."

அந்த ராசா கற்பனை ஆசாமி இல்லை. அவன் பெயர் பால். ஆரோக்கியநாதனோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அந்தக் காலத்தில் ரேடியோவில் வெள்ளைக்காரப் பாட்டு வரும். டிக்கெட் எடுக்காமல் கூட்ஸ் வண்டியில் தொற்றிக்கொண்டு, வீடு வாசல் இல்லாமல் அமெரிக்கா முழுக்கச் சுற்றும் நாடோடிகளைப் பற்றிய பாட்டு. பையன்கள் இரண்டு பேருக்கும் அதில் பைத்தியம். படிப்பு முடிந்ததும் வடக்குக் கோடியில் இருக்கும் மிச்சினா வரைக்கும் கூரைமேலேயே போவதென்று தீர்மானம்கூடப் போட்டார்கள். ஆனால் பாலுக்கு ஒரு ஜவுளிக் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. நாடோடி அடங்கிப் போனான்.

உண்மையைச் சொன்னால் அவன் நாடோடியாவதற்கு லாயக்கே இல்லை. உல்லம் மீன் தின்னத் தெரியாது அவனுக்கு. அந்த மீனுக்கு உடம்பெல்லாம் மயிரிழை முள். ஒருமுறை தொண்டையில் குத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதிலிருந்து, அவன் மனைவி விக்டோரியாதான் முள்ளை எடுத்துவிட்டுச் சோற்றில் வைப்பாள். தாகேதாவில் அவர்கள் குடியிருந்த தெருவே இதைச் சொல்லிச் சிரிக்கும்.

அறுபத்து நாலில் பர்மா சர்க்கார் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டது. பாலின் கம்பெனியும் போயிற்று. மாண்டலேயில் வேலை பார்க்கலாமென்று ரயிலேறினான். வழியனுப்பப் போன ஆரோக்கியநாதன், வண்டி நகர்ந்ததும் பிளாட்பாரத்தில் நின்றபடியே அந்த முதல் இரண்டு வரியைக் கட்டிவிட்டான். பக்கத்தில் நின்ற சிநேகிதனின் மனைவி அழக்கூடாதே என்றுதான் கட்டினான். அவள் அழாமல்தான் இருந்தாள். பாட்டு டீக்கடையில் நிலைத்துவிட்டது, பாலைப் பற்றிய சேதிதான் வரவில்லை.

சேதி வராததால் பாட்டு வளர்ந்தது. வடக்கே போய்வரும் ரயில்வே ஆட்கள் டீக்கடைக்கு வருவார்கள். பயர்மேன் தங்கவேலு ஒரு நாள், பாலைப் பின்மனா ஸ்டேஷனில் பார்த்ததாகச் சொன்னார். ஆரோக்கியநாதன் அன்றைக்கே ஓர் அடி சேர்த்தான். பாட்டில் பின்மனா மழையில் ராசா பீடி பற்றவைத்தான். கடை கைதட்டியது. அவ்வளவுதான், அடுத்த வாரம் இன்னொருவர் டவுங்கூவில் பார்த்தார். தன் லைனில் இருக்கும் ஊர் பாட்டில் வரவேண்டும் என்று ஆளாளுக்கு ஆசை. அவர்கள் யாரும் பாலைப் பார்க்கவில்லை என்பது ஆரோக்கியநாதனுக்கும் அரைகுறையாகத் தெரியும். ஆனாலும் சேர்த்தான். நல்ல அடி வந்து விழும்போது வேண்டாம் என்று சொல்ல எந்தப் பாட்டுக்காரனுக்கு மனசு வரும்?

விக்டோரியா மட்டும் அதைப் பாட்டாகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று, "இந்த வாரம் எந்த ஊருண்ணே?" என்பாள். அவன் ஊர் சொல்வான். அவள் முகம் தெளியும். உடனே அவன் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவான்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. விக்டோரியாவின் அண்ணனுக்கும் அம்மாவுக்கும் அவளுக்கும், இந்தியா திரும்புகிறவர்களை ஏற்றிப்போகும் மதராஸ் கப்பலில் இடம் கிடைத்தது. வேலை இல்லை, கடை இல்லை, இங்கே இருந்து என்ன செய்வது? ஆனால் அவள் வரமாட்டேன் என்றாள். அவர் திரும்பி வந்தால் கதவைத் திறக்க ஆள் வேண்டாமா என்றாள். அவளை விட்டுவிட்டு அண்ணனும் ஏறமாட்டான். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அண்ணன்காரன் டீக்கடைக்கே வந்து, உன் பாட்டால்தான் அவள் நகரமாட்டேன் என்கிறாள் என்று ஆரோக்கியநாதனைப் பிடித்துக்கொண்டான்.

அந்த வாரம்தான் ஆரோக்கியநாதன் ஒரு உறவுக்காரரைப் பார்க்க இன்சின் போனான். திரும்பும்போது ஊரைச் சுற்றிவரும் ரயிலில் ஏறினான். அந்த ரயில் எங்கேயும் போகாது. ஏறின ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து விட்டுவிடும். காய்கறிக்காரப் பெண்களின் கூடைகளை ஒருவன் வாசலருகே இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். கிழிந்த லுங்கி, தாடி, குழிவிழுந்த கன்னம். கூடையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். பால்.

வண்டி ஓட ஓட அவன் தன் கதையைச் சொன்னான். மாண்டலேயில் வேலை இல்லை. சில வாரத்திலேயே பால் திரும்பிவிட்டான். வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு, முதலில் சிநேகிதனைப் பார்ப்போமென்று டீக்கடைக்குத்தான் வந்திருக்கிறான். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. கூட்டம் கைதட்டுகிறது, ராசா மலை தாண்டுகிறான். பசியோடு வாசலில் நின்றவன் அப்படியே திரும்பி நடந்துவிட்டான். அன்றைக்கு ஏறியது இந்த ரயிலில். கூடை தூக்குவான், வண்டியிலேயே தூங்குவான். குடிக்காக அடையாளக் கார்டையும் விற்றுத் தொலைத்துவிட்டான். கார்டு இல்லாதவனுக்குக் கப்பல் ஏது?

ஆரோக்கியநாதன் அவன் கையைப் பிடித்து வீட்டுக்கு வா என்று இழுத்தான். பால் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

"நான் உசுரோட இங்க இருக்கேன்னு தெரிஞ்சா அவ கப்பல் ஏறமாட்டா. என்னோட இந்த வண்டியில குந்திக்கிறதா? பாட்டுல போறவன் நல்லாப் போறான். அவனையே வச்சுக்க. அவள ஏத்தி அனுப்பிடு."

ராசா செத்துப்போனான் என்று ஓர் அடி கட்டினால் போதும், அவள் கிளம்பிவிடுவாள். ஆரோக்கியநாதன் முயன்றும் பார்த்தான். கிட்டாரை எடுத்தவன் திரும்பச் சுவரில் சாய்த்துவிட்டான். இதுவரை சொன்ன பொய் போதும் என்று தாகேதாவுக்குப் போய் விக்டோரியாவிடம் உள்ளது உள்ளபடி சொன்னான். நாளைக்குக் காலையில் கூட்டிப்போங்கண்ணே என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வெள்ளைச் சட்டையும் நல்ல பர்மா லுங்கியுமாக, கையில் சாப்பாட்டு அடுக்குத் தூக்கோடு வந்து நின்றாள். லான்மடாவ் ஸ்டேஷனில் வண்டி வந்தது. பால் வழக்கம்போல வாசலருகே தரையில் கூடைகளுக்கு நடுவே இருந்தான். அவள் நேரே போய் எதிரில் பலகையில் உட்கார்ந்தாள். குனிந்து, "சாப்ட்டீங்களா?" என்றாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்து, தனக்குத் தமிழ் தெரியாதென்று பர்மியப் பாஷையில் சொன்னான். ஆள் தெரியாமல் பேசுகிறீர்கள் என்றான். சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினான்.

அவள் எழுந்திருக்கவில்லை. வண்டி இன்சின் போயிற்று, மிங்கலாடன் போயிற்று. ஒரு சுற்று முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. லான்மடாவ் திரும்பி வந்ததும் இறங்கினாள். பிளாட்பாரத்தில் வைத்து ஆரோக்கியநாதனிடம் சொன்னாள்.

"அது அவரில்லண்ணே. அவரு நல்ல உசரம். நீங்க யாரையோ பாத்துட்டு வந்து சொல்றீங்க."

வண்டி நகர்ந்த பிறகுதான் அவள் கை வெறுமையாக இருப்பதை அவன் கவனித்தான். தூக்கை மறந்துவிட்டாயே என்று ஓடப்போனான். போகட்டும் என்று தடுத்துவிட்டாள். கப்பலுக்கு வருவதாக அண்ணனிடம் சொல்லிவிடச் சொன்னாள்.

கப்பல் புறப்பட்ட அன்றைக்கு ஜெட்டியில் ஒரே அழுகை. அவள் மட்டும் மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டே வருஷத்தில் சொந்த மனைவிக்கே அடையாளம் தெரியாமல் போய்விட்டானே என்று ஆரோக்கியநாதனுக்கு ஆறவில்லை. பாலுக்காக ஜெட்டியிலேயே நின்று அழுதான்.

அங்கிருந்து நேரே ரயிலுக்குப் போனான். பால் அதே இடத்தில் இருந்தான். அவன் மடியில் அந்தத் தூக்கு, துடைத்துப் பளபளவென்று இருந்தது. அவள் ஏறிவிட்டாளா என்று கேட்டான். ஏறிவிட்டாள் என்றான் ஆரோக்கியநாதன். என்ன சொன்னாள் என்று கேட்டான். சொல்லாமல் விட ஆரோக்கியநாதனுக்கு ஆசைதான். ஆனால் இவனிடமும் பொய்யா என்று உள்ளதைச் சொன்னான்: நீ இல்லை என்றாள், அடையாளம் தெரியவில்லை அவளுக்கு.

பால் ஆமென்பதுபோல் தலையாட்டினான். தூக்கின் மூடியைத் திறந்து, காலியான அடுக்கைக் காட்டினான்.

"உல்லம் மீன் வச்சிருந்தாடா," என்றான். "ஒரு முள்ளு இல்ல."

ஆரோக்கியநாதன் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வண்டி லான்மடாவ் வந்து நின்று, மறுபடியும் கிளம்பியது.