ஒரு கோடு சிக்னல்

மூன்று நாளாகச் சுகந்தினிக்குச் சோறு இறங்கவில்லை. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு போன் டவர் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, 'மலைக்குரல்' என்ற பேரில் யாரோ ஃபேஸ்புக்கில் எழுதித் தள்ளினார்கள். டவர் கதிர் பட்டால் கொழுந்து கருகுமாம், குளவிக்கு வெறி பிடிக்குமாம், பொம்பளைகளுக்குப் பிள்ளை தங்காதாம். நானூறு பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள்.

முன்பள்ளி டீச்சரான அவள், பிள்ளைகளை அனுப்பிவிட்டு மூச்சிரைக்கத் தண்ணி டாங்கி மேட்டுக்கு ஏறுவாள். முழுத் தோட்டத்திலும் அங்கே கிடக்கும் கல்லின் மேல் நின்றால்தான் சிக்னல் ஒரு கோடாவது நிலைக்கும். சொந்தப் பேர் இல்லாமல் பூப்படம் போட்ட கணக்கிலிருந்து பதில் எழுதுவாள். டவரிலிருந்து வருவது வெறும் ரேடியோ அலை, வெயிலின் சக்தியில் துளிகூட அதற்கு இல்லை, கொழுந்து கருகுவது மழை இல்லாததால். 'மலைக்குரல்' ஒரே வரியில் முடித்துவிடும்: "டவர் கொம்பனிக்கு வெலபோன ஆளு."

இன்றைக்கும் எழுதி அனுப்பினாள். கல்லுக்குக் கீழே ஒரு போன் 'டிங்' என்றது. வெயிலுக்குக் குடை பிடித்து நின்ற கங்காணி முருகையா, போனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். மூன்று நாளும் இதே மேட்டில் அவளுக்கு வணக்கம் சொன்ன மனுஷன்.

"டீச்சரம்மா, கொஞ்சம் எறங்குறீங்களா? கீழ சிக்னல் நிக்க மாட்டேங்குது. டவர் வேணாம்னு ஒரு ஆளுக்கு அவசரமா பதில் போடணும்."

சுகந்தினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பொழுது சாயும்வரை அந்தக் கல்லை விட்டு அவள் இறங்கவில்லை.