பூ போனால் மறுவருஷம்

துறைமுகக் கம்பத்தில் புயல் எச்சரிக்கையாக மூன்றாவது சிவப்புக் கொடி ஏறினால் தோட்டத்தில் அரிவாளை எடுக்க வேண்டும். அது அவள் கணவன் போட்ட சட்டம். நடுக்குருத்தையும் அதை ஒட்டிய மூன்று ஓலைகளையும் விட்டுவிட்டு ஒவ்வொரு பனைக்கும் மொட்டையடித்துவிட்டால், காற்றுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. பாளை தள்ளியிருந்தால் அதையும் வெட்டிவிட வேண்டும். 'பூ போனால் மறுவருஷம், குருத்து போனால் மரமே போச்சு' என்று கருவி அறைக் கதவில் வெள்ளைச் சாயத்தால் அவனே எழுதி வைத்திருந்தான்.

காலையிலிருந்து அவளும் நாத்தனாரும் நாற்பது மரங்களை முடித்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி அருகில் நின்ற ஒன்றுதான் பாக்கி.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் மலை இடுக்கில் அவன் பொறுக்கி வந்த ஒற்றை விதையின் மரம் அது. அடுத்த மழையில் அந்த மலைச்சரிவே பெயர்ந்து போனது. தாய் மரங்களும் போயின. அந்த இனத்தில் இன்னொன்றை யாரும் பார்த்ததில்லை. ஆண் வேறு, பெண் வேறாக வளரும் பனை. பூக்கும்வரை எதுவென்று தெரியாது. துணை தேடி அவன் வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்துத் தீவுகளுக்குப் போவான். "பொண்ணு பாக்கவா, மாப்பிள்ளை பாக்கவா?" என்று படகுக்காரர் கேட்பார். "நம்ம வீட்டுல இருக்கிறது எதுன்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்" என்பான் அவன்.

இந்த முறை தெற்குத் தீவுக்குப் போய் ஒன்பது நாள். அவன் படகேறிய மறுநாள்தான் முதல் பாளை எட்டிப்பார்த்தது. அங்கே போன் எடுக்காது. அவனுக்கு விஷயமே தெரியாது.

நாத்தனார் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "இதை மட்டும் விட்டுடலாம் அண்ணி. பதினேழு வருஷம் கழிச்சு வயசுக்கு வந்திருக்கு."

"போன புயல்ல அப்படிப் பாவம் பாத்துத்தானே ஒரு மரத்தோட குருத்தே முறுக்கிக்கிட்டுப் போச்சு."

"அண்ணன் வந்து கேட்டா?"

அவள் அரிவாளை இடுப்பில் செருகினாள். ஏறினாள். ஓலைகளைக் கழித்தாள். பாளை அவள் முழங்கை நீளம் இருந்தது. இரண்டே வெட்டு. கீழே போட மனமில்லாமல் இடுப்பில் அணைத்துக்கொண்டு இறங்கி, சமையலறையில் ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி வைத்தாள்.

புயல் வரவில்லை. மறுநாள் மதியம் வெயில் அடித்தது. தெற்கே திரும்பிவிட்டதாக ரேடியோ சொன்னது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வைத்த சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தெற்கேதான் அவன் இருந்தான்.

மூன்றாம் நாள் வாளியில் பாளை வெடித்தது. சமையலறைத் தரையெல்லாம் மஞ்சள் தூள். "மாப்பிள்ளைதான்" என்றாள் நாத்தனார். சிரிக்க முயன்று முடியாமல் மகரந்தத்தைக் காகிதத்தில் வழித்து எடுத்தாள்.

ஐந்தாம் நாள் படகு வந்தது. அவன் தெருமுனையில் நடந்து வருவதைப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

"அது பூத்ததே அண்ணனுக்குத் தெரியாது. சொல்லாம விட்டுடுங்க அண்ணி" என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள்.

அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "என்னங்க, நம்ம மரம் பாளை விட்டுச்சு. நான் வெட்டிட்டேன். புயல் வரல."

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்தான். உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த காயம். தொட்டிப் பக்கம் நின்ற மொட்டை மரத்தைப் பார்த்தான்.

"அங்க ஒண்ணைக் கண்டுபிடிச்சேன்" என்றான். "பாறை விளிம்புல, வயசான மரம். பொண்ணு. பூ அப்பத்தான் விரிஞ்சிருந்துச்சு. மேகம் கறுத்ததும் வெட்டணும்னு தெரியும். ரெண்டு தடவை அரிவாளை எடுத்தேன். கை வரல."

அவள் அவன் அருகில் உட்கார்ந்தாள்.

"என் கண்ணு முன்னாடியே சாஞ்சுது. ஒரு ஓலை குறைச்சிருந்தாலும் நின்னிருக்கும்."

"குருத்து?"

"இருக்கு. பாதி வேரும் மண்ணுலதான் இருக்கு. ஈரச்சாக்கு போட்டு மூடிட்டு வந்தேன். இன்னும் விரியாத பாளை ஒண்ணு இருக்கு." அவன் குரல் இறங்கியது. "ஓலையைக் கழிச்சு நிமித்திக் கட்டினா பிழைக்கலாம். அதுக்கு ஆள் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"யாரை?"

"உன்னைத்தான். நான் கதவுல எழுதுறதோட சரி."

உள்ளே நாத்தனார் மகரந்தப் பொட்டலத்தை ஈரம் ஏறாமல் அரிசி டப்பாவுக்குள் புதைத்துக்கொண்டிருந்தாள். "மாப்பிள்ளை சீர்வரிசை ரெடி" என்றாள் மூடியை இறுக்கியபடி.

நாலு மணிப் படகு. அவள் அரிவாளைத் தீட்டிச் சாக்கில் சுற்றினாள். கிளம்பும்போது அவன் கேட்டான்.

"அந்தப் பாளையும் பாரம்னு உனக்குத் தோணுச்சுன்னா?"

"வெட்டுவேன்" என்றாள்.

அவன் தாம்புக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அரிசி டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்தபடி துறைமுகத்துக்கு நடந்தான்.