மூன்றாம் ஓலை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. கோயிலில் எனக்குப் பக்கத்தில், பாயில் உட்கார்ந்திருந்தது. பெயர் ஐரின்.

முதலில் எழுதிய தொடக்கம்: “1944, வைகாசி. சாந்தோம் கரையில் தென்றல்...” (அடித்துவிட்டேன். அங்கே வீசியது கருவாட்டு வாடை.)

அடுத்தது: “ஐரின் ஓர் அழகி.” (இதுவும் வேண்டாம். அழகில்லாவிட்டால் அநியாயம் செய்யலாமா?)

நேராகவே சொல்கிறேன். அவள் அப்பா ரங்கூனில் குமாஸ்தாவாக இருந்த தமிழர். அம்மா பர்மாக்காரி. ஜப்பான்காரன் குண்டு போட்டதும் மூவரும் நடந்தே கிளம்பினார்கள். ஐரின் மட்டும் வந்து சேர்ந்தாள். பட்டினப்பாக்கத்தில், எங்கள் தெருவில், துணி தைத்துப் பிழைக்கிறாள்.

எங்கள் மாதா கோயிலில் முன்பக்கம் பெஞ்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பெயர். பின்னால் எங்களைப் போன்ற மீன்காரர்களுக்குப் பாய். ஆண்டவர் எல்லோருக்கும் பொது. பெஞ்சு அப்படியல்ல.

2

இரண்டாம் பெஞ்சு வில்லியம் ஐரினைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். எங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார்: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்.

முதல் ஓலைக்குப் பெஞ்சுகள் இருமின. இரண்டாம் ஓலை முடிந்து வெளியே வந்ததும், வில்லியமின் அம்மா அல்போன்சா சாமியாரை மறித்தாள்.

“இந்தப் பொண்ணு ஞானஸ்நானம் வாங்கினதுக்கு என்ன அத்தாட்சி, சாமி? ரெஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்க.”

ரெஜிஸ்டர் ரங்கூன் கோயிலோடு எரிந்துபோனது. அல்போன்சாவுக்கும் அது தெரியும். (சப்பை மூக்கு, தையல்காரி என்று வெளிப்படையாகச் சொல்ல நாகரிகம் இடம் தரவில்லை. அதனால் ரெஜிஸ்டர்.)

“கண்ணால பார்த்த ஒருத்தர் போதும்மா. அடுத்த ஞாயிறு ஓலைக்கு முன்னால கேப்பேன். யாரும் எழுந்திரிக்கலைன்னா ஓலை இல்லை” என்றார் சாமியார்.

வில்லியம் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். (கதாநாயகன்! இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?)

3

பார்த்தவர் இருக்கிறார். மூன்றாம் பெஞ்சு லூயிசா டீச்சர். ரங்கூனில் பள்ளிக்கூடம் நடத்தியவர். ஞானஸ்நானத்தின்போது குழந்தை ஐரினைக் கையில் ஏந்திய ஞானத்தாய். குண்டு விழுமுன்பே கப்பலில் வந்துவிட்டார்.

ஐரின் என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

“ஆன்ட்டி, நீங்கதானே என்னைத் தூக்கிப் பிடிச்சீங்க?”

“மெதுவாப் பேசும்மா. அங்க எத்தனையோ பிள்ளைங்க. ஞாபகமில்லை.”

ஐரின் சுவரைக் காட்டினாள். டீச்சருடைய அம்மாவின் படம்; கீழே பெயர்: ஐரின்.

“இந்தப் பேரை எனக்கு வெச்சது யாரு, ஆன்ட்டி?”

டீச்சர் ஜன்னலைச் சாத்தினார். பர்மாக்காரி வீட்டில் உறவாடியவர் என்று தெரிந்தால் மூன்றாம் பெஞ்சில் அவர் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

(அவரை அரக்கியாக்கப் பார்த்தேன். முடியவில்லை. மீன்காரி மகளான எனக்குக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் அவர்தான்.)

4

பாய்க்காரர்களைப் புனிதர்களாக்கும் எண்ணமும் எனக்கில்லை.

“இன்னாடி எழுதிக்கினு கீறே?” என்றாள் அம்மா.

“ஐரின் கதை.”

“அந்த நாப்பி துன்றவளா? கோயில்ல தள்ளி குந்தச் சொல்லுடி. நாத்தம் தாங்கல.”

நாப்பி என்பது பர்மாவில் மீனை ஊறவைத்து அரைக்கும் விழுது. இதைச் சொன்னபோது அம்மாவின் இடுப்பில் கருவாட்டுக் கூடை இருந்தது.

“பெஞ்சுக்காரங்க உன்னை இன்னா சொல்றாங்கன்னு தெரியுமாம்மா?”

“தெரியும். அதுக்கு? எனக்குக் கீழ ஒருத்தி இருக்கக் கூடாதா?”

பி.ஏ. வகுப்பில் யாரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை.

5

முடிவு அ: டீச்சர் மனம் திருந்தி, கண்ணீர் மல்க... (பத்திரிகைக்காரர்கள் காசு கொடுப்பார்கள்.)

முடிவு ஆ: ஐரின் கடலை நோக்கி... (மாட்டேன். அவள் செத்தால்தான் உங்களுக்கு இரக்கம் வருமா?)

முடிவு இ: வில்லியம் நிமிர்ந்து... (சிரிக்காதீர்கள்.)

உண்மையான முடிவு என்னிடம் இல்லை. இன்று சனிக்கிழமை. எழுதியதை மடித்து எடுத்துக்கொண்டு மூன்றாம் பெஞ்சு வீட்டுக்குப் போகிறேன். வாசகரே, கொஞ்சம் ஒதுங்குங்கள், மிச்சம் அவருக்கு.

டீச்சர், நாளை ஏழு மணிப் பூசை. பிரசங்கம் முடிந்ததும் சாமியார் கேட்பார். நீங்கள் எதுவும் பேச வேண்டாம். எழுந்து நின்றால் போதும். பெஞ்சு காலியாகிவிடும் என்று பயமாக இருந்தால் பின்னால் வாருங்கள், பாயில் இடமிருக்கிறது. என் அம்மா தள்ளித்தான் உட்காருவாள். அதை இனி நீங்களும் பழகிக்கொள்ளலாம். கதையின் கடைசி வரியைப் பாதியில் விட்டிருக்கிறேன், மீதியை நீங்கள் முடியுங்கள்:

சாமியார் கேட்டார். லூயிசா டீச்சர்