முணுமுணுத்த இசைத்தட்டு

குட்டியின் உயரம் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. இருந்தாலும் வீட்டில் அவள் குட்டிதான். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அந்த ஞாயிறு மதியம் அவளும் அண்ணியும் தரையில் குப்புறப் படுத்து, ஒரு பழைய மரப்பெட்டியின் ஸ்பீக்கரில் ஆளுக்கொரு காதை ஒட்டவைத்திருந்தார்கள்.

அண்ணி தன் அழகு நிலையத்துக்காகப் பேரம் பேசி வாங்கிவந்த பெட்டி அது. முன்பக்கம் ரேடியோ, மூடியைத் திறந்தால் ரெக்கார்டு பிளேயர். ரேடியோவைப் போட்டால் தெருமுனை வரை கேட்டது. ரெக்கார்டைப் போட்டாலோ, சத்தத்தை முழுக்கத் திருகியும் கொசு ரகசியம் பேசுகிற மாதிரிதான் இருந்தது. பெட்டியோடு வந்த ஒரே ரெக்கார்டில் லேபிள்கூட இல்லை.

"ஏதோ பொம்பளைக் குரல். மூச்சு விடாதடி, கேக்கல."

"நான் விடல அண்ணி. அது அண்ணன் குறட்டை."

இரவு வேலை முடித்துவிட்டு அண்ணன் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்களும் தப்ப முடியாது.

சிரிப்பு ஓய்ந்ததும் ஊசியில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துப் பார்த்தார்கள். பலனில்லை. குட்டி யோசித்தாள். ரேடியோ இந்தக் கத்து கத்தினால் ஸ்பீக்கர் சரி. கோளாறு ரெக்கார்டு பக்கம்தான். ஊசியைத் தாங்கும் சின்னத் தலையிலிருந்து வயரைக் கழற்றி, அந்த வயர் முனையை ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத் தொட்டாள்.

'ஙொய்ய்ய்ங்' என்று பெட்டி உறுமியது. அண்ணி துள்ளி எழுந்து மேசையில் தலையை இடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, ஷாக்கா? செத்துட்டியாடி?"

"செத்திருந்தா பதில் சொல்வேனா? தொட்டதுமே இந்தக் கத்து கத்துதுன்னா வயர் நல்லா இருக்கு அண்ணி. இந்தத் தலைதான் செத்துப்போச்சு!"

சாவுச் செய்தியை இவ்வளவு குதூகலமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் ரேடியோ மெக்கானிக் அந்தச் சின்னத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள ஈரம் போய்க் கெட்டிருக்கும்மா. புது மாடல் போட்டா சத்தம் இன்னும் குறையும். இதே ரகம்தான் வேணும்" என்று இழுப்பறையைக் குடைந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் அதை மாட்டி, குட்டி ஊசியை இறக்கினாள். சத்தத்தை முழுக்கத் திருகி வைத்திருந்ததை இருவருமே மறந்துபோனார்கள்.

"இடது காலைத் தூக்கு!" ரெக்கார்டிலிருந்த உடற்பயிற்சி டீச்சரின் அதட்டலில் சுவர் அதிர்ந்தது. "ஒன்று! இரண்டு! முதுகை நிமிர்த்து, சோம்பேறி!"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்த அண்ணன், கண்ணைத் திறக்காமலே இடது காலைத் தூக்கி நின்றான்.

"வலது கால்!"

மாற்றினான். போர்வை தடுக்கித் தங்கைமேல் சரிந்தான். அண்ணி சுவரோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துடி... நிறுத்து..." என்று திணறினாள். குட்டி தவழ்ந்துபோய் ஊசியைத் தூக்கினாள்.

உடனே கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியார், நெற்றியெல்லாம் வியர்வை.

"சார், மன்னிச்சிருங்க. சத்தம் கொஞ்சம்..."

"அது இருக்கட்டும். ஏம்மா நிறுத்திட்டே? அங்க என் வீட்டம்மா ஒத்தக் கால்ல நிக்கிறா!"

குட்டி ஓடிப்போய் ஊசியை மறுபடி இறக்கினாள்.