நாக்குக் குழறல்

வாஹித் பாஷாவின் கண்ணைக் கட்டிவிட்டு ஓர் ஆட்டுத்தோலைக் கையில் கொடுத்தாலும், அது எந்தச் சந்தைச் சரக்கு என்று சொல்லிவிடுவார். ஆம்பூரில் இருபது வருஷம் தோலைத் தரம் பிரித்த கை. அப்பேர்ப்பட்டவருக்குத் தன் வீடு எந்தத் தெரு என்பதே மறந்துபோனது.

பெங்களூரில் பிளேக் பரவியிருந்த சமயம் அது. அங்கே சரக்குப் பார்த்துவிட்டு அவரும் கூட்டாளி பஞ்சாட்சரமும் ஊர் திரும்பும்போது, வழியில் ஒரு ஸ்டேஷனில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். சந்தேகப்பட்டால் தகர ஷெட்டில் பத்து நாள். போன வருஷம் அப்படி ஒரு ஷெட்டுக்குப் போன வாஹித் பாஷாவின் தம்பி திரும்பவில்லை. வீட்டில் மனைவி ஹலீமா பீக்கு நிறைமாசம். இன்றைக்கே போய்ச் சேர வேண்டும். அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

டாக்டர் அக்குளைத் தடவிப் பார்த்தார். கட்டி இல்லை, உடம்பு சுடவும் இல்லை. பக்கத்தில், ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸர் சாமுவேல் எழுத உட்கார்ந்திருந்தார்.

"எந்தத் தெரு, பாய்?"

தெருவை நினைத்தால் தம்பி முகம்தான் வந்தது. வாய் உலர்ந்துவிட்டது.

"பள்ளி... பள்ளி..."

"சம்சாரம் பேரு?"

"சுகரா," என்றார். அது தம்பி மனைவியின் பெயர். திருத்தப் போனார், நாக்குக் குழறியது, கால் தள்ளாடியது.

பஞ்சாட்சரம் பதறி முன்னே வந்தார். "ஐயா, அவருக்கு ஒண்ணும் இல்லீங்க. பயத்துல உளர்றாரு."

"பிளேக் வந்தவனும் இப்படித்தான் உளறுவான்," என்றார் டாக்டர். படித்த மனுஷர், புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். பயந்தவனுக்கும் நாக்குக் குழறும் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. நினைத்தால் வயிறு எரிகிறது.

ஷெட்டில் அவருக்குக் கிடைத்த பாய், முந்தின நாள் செத்தவன் படுத்திருந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. மறுநாள் அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி.

சாமுவேல் காகிதத்தோடு வந்தார். "வீட்டுக்குத் தகவல் அனுப்பணும் பாய். விலாசம் சொல்ல முடியுமா?"

"எழுதிக்க தம்பி. ஆம்பூர், பள்ளிவாசலுக்குப் பின்தெரு, கெணத்துக்கு எதிர்ல மூணாவது வீடு. சம்சாரம் ஹலீமா பீ. மூத்தது வஜீதா, அடுத்தவன் ரஷீத். இன்னொண்ணு இந்நேரம் பொறந்திருக்கும்."

ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. சாமுவேல் எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா ஊருக்குப் போயிருப்பீங்களே பாய்."

"அன்னிக்கு வீட்டுக்குப் போவணும்னு இருந்துச்சு, அதான் வாய் வரல," என்றார் வாஹித் பாஷா. "இனிமே இன்னா பயம்?"