பெலைத் கொன்ற சிறுத்தை

மூன்று வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெலைத் ஒரு சிறுத்தையைக் கொன்றுவருகிறார். காலை பதினொன்றரை மணிக்கு, தன் வீட்டு முற்றத்தில், கையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்தபடியே கொல்கிறார். அந்தக் கொலையின் முழுப் பொறுப்பும் எங்கள் வழிகாட்டி யூபாவுடையது.

நான் ஹம்மு. மராக்கேஷ் நகரத்திலிருந்து மலைக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப் போகும் வேனுக்கு டிரைவர். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் கம்பளக் கடை, திங்கள் சந்தை, பெலைத் வீட்டில் தேநீர், அருவி, திரும்பல். இடையில் எட்டுப் பத்து தடவை ஒன்றுக்கு நிறுத்த வேண்டும். எந்த வளைவில் யாருக்கு வரும் என்று கிளம்பும்போதே என்னால் சொல்லிவிட முடியும்.

பெலைத்தின் முற்றத்தில் யூபா பிரெஞ்சில் பேசுவது இதுதான்: "இவருக்கு வயசு தொண்ணூத்தி ஏழு. இந்தப் பள்ளத்தாக்க விட்டு ஒரு நாள்கூட வெளிய போனதில்ல. கடல்னா என்னன்னு தெரியாது. இருபது வயசுல ஆட்டுக்குட்டியத் தூக்க வந்த சிறுத்தைய, வெறும் அரிவாளால ஒரே வெட்டு. அதோ டீ ஊத்துதே, அவர் பொண்ணு இஜ்ஜா. பாவம், தான் பொறந்த நாளே அதுக்குத் தெரியாது."

கடைசி வரியில்தான் பெண்களுக்குக் கண் கலங்கும். டிப்ஸ் விழும்.

பெலைத்துக்கு வயது எழுபத்தொன்று. வாலிபத்தில் வடக்குப் பிரான்சு போய்ப் பதினோரு வருடம் நிலக்கரி வெட்டியவர். யூபாவின் பிரெஞ்சு, ஹோட்டல் வாசல்களில் பொறுக்கியது; அவருடையது அறுநூறு மீட்டர் ஆழத்தில் படித்தது. யூபாவின் ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரியும். நான் அடுத்த கிராமத்துக்காரன், எனக்கு இது தெரியும். நகரத்துப் பையன் யூபாவுக்குத் தெரியாது. முதல் மாதமே அவனிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். பெலைத் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"சொல்லிராத, ஹம்மு. எதுவரைக்கும் போறான்னு பாக்கலாம்."

மகளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை காலையானால் குளிர்பெட்டி வெள்ளைக்காரர்கள் கண்ணில் படாதபடி அதன்மேல் ஒரு கம்பளத்தை அவரே போர்த்திவிட்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிடுவார்.

இதற்கு நடுவில் யூபாவுக்கும் இஜ்ஜாவுக்கும் ஒத்துப்போய்விட்டது. வாரத்துக்கு நாற்பது நிமிடம், மீதி போனில். பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பை முடித்தவள், வாய் கத்தி. பிறந்த நாள் வரியை எடுத்துவிடு என்று அவனிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். "அந்த வரிக்குத்தான் காசு விழுது, கண்ணு" என்பான் இவன். அவனை நான் அறையாமல் விட்டது என் பொறுமை.

போன வாரம் அவள் ஒரு முடிவு சொன்னாள். தரூதான் ஊரிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரன் வீட்டார் வியாழக்கிழமை பெண் கேட்டு வருகிறார்கள். அதற்கு முன்னால் யூபா முறைப்படி வர வேண்டும்.

எங்கள் மலையில் மாப்பிள்ளை தனக்காகத் தானே வாய் திறந்து கேட்கக் கூடாது. பெரியவர்கள் கூட்டமாக வர வேண்டும். மருதாணி, பேரீச்சை, நீலத் தாள் சுற்றிய கூம்புச் சர்க்கரை கொண்டுவர வேண்டும். கூட்டத்துக்கு மூத்தவர் ஒருவர், இந்தப் பையனுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். அந்தச் சர்க்கரையைப் பெண் வீட்டில் உடைத்தால் சம்மதம். உடைக்காமல் திருப்பித் தந்தால் வந்த வழியே போகலாம்.

யூபாவுக்குத் தாய் தகப்பன் கிடையாது. இருக்கிற ஒரே மாமா தூரத்தில், அகாதிர் நகரத்தில். இந்தத் திங்கட்கிழமை நாலு பேரோடு சந்தைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். சந்தையில் நாங்கள் இறங்கி, வேனில் வந்த பதினோரு வெள்ளைக்காரர்களையும் கழுதை நிறுத்துமிடத்தைப் படம் பிடிக்க விட்டுவிட்டு நிற்கும்போது போன் வந்தது. மாமாவுக்கு முட்டி வலி. மலையேற முடியாதாம்.

யூபா ஒரு வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஹம்மு அண்ணே, நீங்களாவது பெரியவரா நில்லுங்கண்ணே."

"எனக்கு ரெண்டு தடவ விவாகரத்து ஆயிருக்குடா. நான் முன்னால நின்னா அந்த ஆளு கதவத் தெறக்கவே மாட்டாரு."

அவன் தலையை நிமிர்த்தினான். எதிரே பதினோரு பேரும் தொப்பியும் கண்ணாடியுமாக ஒரு கழுதையைச் சுற்றி நின்றார்கள். அதில் எட்டுப் பேருக்கு நரைத்த தலை. அவன் அவர்களையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"வேணாம்டா" என்றேன்.

அவன் எழுந்துபோய் நாலு கூம்புச் சர்க்கரை வாங்கினான். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. பேரீச்சை, மருதாணி, ரோஜாத் தண்ணீர் எல்லாம் வாங்கினான். மூன்று வருடத்தில் அவன் பேரம் பேசாமல் வாங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைக்காரனே சந்தேகப்பட்டு நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிறகு எல்லோரையும் கூட்டி வைத்து, "இன்னைக்கு உங்களுக்கு ஒரு விசேஷ நிகழ்ச்சி. மலைவாழ் மக்களோட பெண் கேக்குற சடங்கு. நீங்களே கலந்துக்கலாம். கட்டணம் கிடையாது" என்றான்.

கட்டணம் கிடையாது என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். பெல்ஜியத்துக்காரர், பெயர் ஹூபர்ட், எழுபத்தாறு வயது. முப்பத்தெட்டு வருடம் லிப்ட் பரிசோதகராக இருந்தவர். காலையில் என் வேனில் ஏறும்போது படிக்கட்டை இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

"சடங்கு நிஜமா, நடிப்பா?"

"நிஜம்" என்றான் யூபா.

"யாருக்கு?"

"எனக்கு."

ஹூபர்ட் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நான் என்ன செய்யணும்?"

"எனக்குப் பொறுப்புன்னு சொல்லணும்."

"பரிசோதிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல" என்றார் அவர். பிறகு நேராக வந்து என் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். பெலைத் வீடு வரைக்கும் யூபாவைப் பற்றி என்னிடம் கேள்விமேல் கேள்வி. குடிப்பானா? யாரையாவது அடித்திருக்கிறானா? வாங்கின பொருளைத் திருப்பித் தருவானா? எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் உள்ளதைச் சொன்னேன். என் குடையை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை என்பதையும் சொன்னேன்.

பெலைத் முற்றத்தில் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். ஆளுக்கொரு சர்க்கரையோ தட்டோ தூக்கிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் வரிசையாக நுழைவதைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். இஜ்ஜா சர்க்கரையைப் பார்த்தாள், யூபாவைப் பார்த்தாள், தேநீர்ப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பெண் கேட்கும்போது பெண் அங்கே இருக்கக் கூடாது.

எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். முட்டி மடங்காதவர்களுக்குத் தலையணை கொடுத்தேன்.

"யாரு இவங்க?" என்று பெலைத் எங்கள் பேச்சில் கேட்டார்.

"என் பெரியவங்க, மாமா" என்றான் யூபா.

"உன்ன எவ்வளவு நாளாத் தெரியும்?"

"காலையில எட்டு மணியிலேர்ந்து."

பெலைத் தலையாட்டினார். "மூத்தவர் யாரு?"

ஹூபர்ட் தொப்பியைக் கழற்றினார்.

"பையன் எப்படின்னு கேளு. பொறுப்பேத்துக்குறாரான்னு கேளு. அவர் சொல்றத எனக்கு அப்படியே சொல்லு."

யூபா கேட்டான். ஹூபர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, அறிக்கை படிப்பவர் மாதிரி பேசினார்.

"இந்த ஆள் காலையில இருபது நிமிஷம் லேட்டா வந்தார். வழியில நெரிசல்னார். நெரிசல் கிடையாது, நான் பாத்தேன். கம்பளக் கடையில அஞ்சு நிமிஷம்னு சொல்லி அம்பத்தஞ்சு நிமிஷம் உக்கார வெச்சார். கடைக்காரர் அவருக்கு ஒரு கவர் கொடுத்தார், அதையும் பாத்தேன். மலை வளைவுல என் மனைவி வாந்தி எடுத்தா. இவர் தன்னோட கோட்டக் கழட்டி அவளுக்குக் கொடுத்துட்டு, யாரும் இறங்குறதுக்குள்ள வேன் படியத் தானே கழுவினார். டிரைவர் கண்டபடி ஓட்டினதாலதான் அப்படி ஆச்சுன்னு மத்தவங்ககிட்ட சொன்னார். டிரைவர் நல்லாத்தான் ஓட்டினார். என் மனைவி வெக்கப்படக் கூடாதுன்னு சொன்ன பொய் அது. ஆக மூணு பொய். ரெண்டு தனக்காக, ஒண்ணு என் மனைவிக்காக. இவர் லிப்டா இருந்தா ஓடலாம்னு அனுமதி கொடுப்பேன். ஆனா ஆறு மாசத்துல மறுபடி வந்து பாப்பேன்."

வளைவில் எல்லோரும் என்னை முறைத்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று வைத்தேன்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டார் பெலைத், ஒன்றுமே புரியாத முகத்தோடு.

யூபா என் பக்கம் திரும்பினான். 'பையன் பத்தரை மாற்றுத் தங்கம், நான் பொறுப்பு' என்கிறார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவனைப் பொறுத்தவரை அங்கே அவன் பொய்யைப் பிடிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லிவிடாதேடா, பொய் சொல்லிவிடாதேடா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தேன்.

"நான் இருபது நிமிஷம் லேட்டா வந்தேன்னு சொல்றார், மாமா" என்று ஆரம்பித்தான் யூபா. "நெரிசல்னு பொய் சொன்னேனாம். ஆமா, சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னான். கம்பளக் கடை, கவர், கோட்டு, வாந்தி, நான் நன்றாகத்தான் ஓட்டினேன் என்பது, ஆறு மாதத்தில் மறுபரிசோதனை, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவன் தோள் இறங்கிக்கொண்டே போனது. முடித்துவிட்டுச் சர்க்கரையைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தயாராகக் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

பெலைத் ஹூபர்ட் பக்கம் திரும்பினார். தெளிவான பிரெஞ்சில் கேட்டார்: "நீங்க எந்த மாதிரி லிப்ட் பாத்தீங்க? எங்க சுரங்கத்துக் கூண்டு நொடிக்குப் பத்து மீட்டர் இறங்கும்."

"கம்பி வடத்த எத்தன மாசத்துக்கு ஒருதரம் மாத்தினாங்க?" என்றார் ஹூபர்ட்.

"நான் இருந்தவரைக்கும் மாத்தினதப் பாத்ததில்ல."

"நான் அனுமதி கொடுத்திருக்க மாட்டேன்."

"நீங்க வரவே இல்லையே" என்றார் பெலைத்.

யூபாவின் முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை. மூன்று வருடத்துத் திங்கட்கிழமைகள் அத்தனையும் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. "மாமா..." என்றான்.

"மூணு வருஷமா நீ பேசுறதக் கேட்டுட்டு இருக்கேன்" என்றார் பெலைத் எங்கள் பேச்சில். "இன்னைக்குத்தான் கூட்டாமக் கொறைக்காம சொல்லியிருக்க, அதுவும் உனக்கே நஷ்டமான நேரத்துல. எனக்குச் சரி. அவளக் கேக்கணும். இஜ்ஜா!"

அவள் உடனே இறங்கி வந்துவிட்டாள், மாடிப்படியிலேயேதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கையில் சர்க்கரை உடைக்கும் பித்தளைச் சுத்தியல். யூபாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அவங்ககிட்ட சொல்லு. நான் பொறந்தது தொண்ணூத்தாறு, மார்ச் பதினாலு, வியாழக்கிழம, விடியக்காலம்."

யூபா மொழிபெயர்த்தான். எதற்கென்று தெரியாமலே எல்லோரும் கை தட்டினார்கள்.

"அப்பாவுக்கு எழுபத்தொண்ணு. கடலு, ரயிலு எல்லாம் பாத்தவரு. சொல்லு."

சொன்னான். அவள் போய்க் குளிர்பெட்டிமேல் கிடந்த கம்பளத்தை உருவி எறிந்தாள். "இது குளிர்பெட்டி. சொல்லு." அதையும் மொழிபெயர்த்தான். ஒரு அம்மாள் அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

"அப்புறம் அந்தச் சிறுத்த. அப்படி ஒண்ணு—"

"சிறுத்த இருக்கட்டும்" என்றார் பெலைத்.

இஜ்ஜா திரும்பிப் பார்த்தாள்.

"சுரங்கத்துக்கு ஆள் எடுக்க வந்தவன், கீழ இருக்கே அதே சந்தை மைதானத்துலதான் எங்களச் சட்டையக் கழட்டி வரிசையா நிக்க வெச்சான். கோவேறு கழுதைக்குப் பாக்குற மாதிரி பல்லப் பாத்தான். தேறினவன் நெஞ்சுல பச்ச முத்திரை குத்தினான். பதினோரு வருஷம் அங்க என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. திரும்பி வந்தேன். என்ன பண்ணினன்னு இந்த ஊர்ல ஒருத்தர் கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்றதுக்கு இருட்டத் தவிர வேற என்ன இருக்கு?" கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "இவன் மட்டும்தான் வாராவாரம் என்னைப் பத்திப் பேசுறான். மத்ததெல்லாம் நீ எப்படி வேணா மாத்திக்கோ, தாயி. சிறுத்தைய மட்டும் எடுக்காத."

வெள்ளைக்காரர்கள் யூபாவைப் பார்த்தார்கள். அவன் மொழிபெயர்க்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நானும்தான்.

இஜ்ஜா ஒரு கூம்பை எடுத்து நீலத் தாளைக் கிழித்தாள். தட்டில் நிறுத்தி வைத்துச் சுத்தியலை ஓங்கினாள். ஓங்கிய கையோடு யூபாவைப் பார்த்தாள்.

"எவ்வளவு பெரிய சிறுத்த?"

"ஏழடி" என்றான் யூபா.

"எட்டு" என்றார் பெலைத்.

அவள் சர்க்கரையை உடைத்தாள்.